சித்தப்பா போட்ட கையெழுத்து

இராணுவ உடுப்பைப் போன்ற பாடசாலைக் கெடேட் சீருடையோடு தங்கச்சி முதன்முதலாகத் தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் வந்து நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏதோ போட்டி முடிந்து, மழையில் நனைந்து வந்திருந்தாள். எங்களைப் பார்க்க வந்திருந்த சித்தப்பா அவளை ஏறிட்டுப் பார்த்தார். குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

சித்தப்பா யுத்த காலத்தில் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தவர். ஒரு இராணுவச் சுற்றிவளைப்பில், தமிழ்ப் பெயரைக் கேட்டதும் பிடித்துக்கொண்டு போனார்கள். குற்றம் என்னவென்று சொல்லாமலே மாதக்கணக்கில் அடைத்து வைத்து, அதேபோல ஒன்றும் சொல்லாமல் வெளியே விட்டார்கள். அதற்குப் பிறகு அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. ஊருக்கு வந்து, பதுளைப் பக்கம் ஒரு தபால் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தார். அப்பா இறந்த பிறகு எங்களைத் தாங்கியவர் அவர்தான்.

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்ததும், இராணுவ அதிகாரிகளாகப் பயிலும் மாணவர்களுக்கான புலமைப்பரிசிலுக்குத் தங்கச்சி விண்ணப்பித்தாள். பொறியியல் பட்டம் படிக்கலாம். தங்குமிடம், சாப்பாடு, மாதப் படி எல்லாம் கிடைக்கும். படிப்பு முடிந்ததும் அதிகாரியாகச் சேவை செய்ய வேண்டும். செய்தி லயம் முழுக்கப் பரவியது. கோயில் கமிட்டித் தலைவர் வந்து, காலாகாலத்தில் ஒரு மாப்பிள்ளை பார்க்கும்படி அம்மாவுக்குப் புத்தி சொன்னார். பெற்ற பிள்ளையை எங்கே அனுப்புவதென்று தனக்குத் தெரியும் என்று அம்மா அவரை வாசலோடு திருப்பி அனுப்பினார்.

சித்தப்பாவை அப்படி அனுப்ப முடியவில்லை.

“அந்த உடுப்பு போட்டவன்தான் என்னையச் சுவத்தோட நிக்க வச்சான்” என்றார் அவளிடம்.

“தெரியும் சித்தப்பா. அந்தப் பக்கம் நம்மாளு ஒருத்தர்கூட இல்ல. அதனாலதான் போறேன்.”

“நீ ஒருத்தி போனா எல்லாம் மாறிடுமா?”

“மாறாட்டியும் போவேன்.”

நேர்முகத்தில், சோதனைச் சாவடியில் உன் ஆட்களையே நிறுத்தச் சொன்னால் என்ன செய்வாய் என்று கேட்டார்களாம். நிறுத்துவேன், ஆனால் அவர்களுக்குப் புரிகிற மொழியில் பேசுவேன், பெயரை மட்டும் வைத்து யாரையும் கூட்டிப் போகமாட்டேன் என்று சிங்களத்தில் பதில் சொன்னாளாம். கேட்டவர் வேறு கேள்வி கேட்கவில்லை. எல்லாம் போச்சு என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் தெரிவாகியிருந்தாள்.

அடுத்தது பிணை. இடையில் விலகினால் செலவைத் திருப்பித் தருவதாக இரண்டு அரசாங்க உத்தியோகத்தர்கள் சமாதான நீதவான் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். அவளுடைய விஞ்ஞான டீச்சர், சிங்களப் பெண்மணி, கேட்டவுடன் சம்மதித்தார். இரண்டாவது ஆளுக்கு நான் பதுளை முழுக்க அலைந்தேன். ஒருவர் மனைவியைக் கேட்க வேண்டும் என்றார்; ஒருவர் வீட்டில் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னார். சித்தப்பாவிடம் கேட்கவே கூடாது என்று தங்கச்சி என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். நானும் கேட்கவில்லை. அம்மா வழியாக அவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

கெடு முடியும் நாளன்று, சமாதான நீதவான் வீட்டு வாசலில் டீச்சரோடு நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, தபால் கந்தோர்க் காக்கி உடுப்போடு சித்தப்பா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். நேரே உள்ளே போய், தமிழில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார். இங்கிலீஷில் போட்டால் இராணுவத்தில் வாசிக்க வசதியாக இருக்குமே என்றார் நீதவான்.

“இந்தப் பேர வச்சுத்தாங்க அன்னைக்குப் புடிச்சாங்க. இன்னைக்கும் இந்தப் பேரே இருக்கட்டும். வாசிக்கத் தெரிஞ்சவங்களக் கூப்பிட்டு வாசிக்கட்டும்.”

தங்கச்சி அவர் காலைத் தொடக் குனிந்தாள். அவர் நகர்ந்துகொண்டார்.

இப்போது அவள் இறுதி வருடத்தில் இருக்கிறாள். போன மாதம் விடுமுறையில் வந்தபோது, அதிகாரியாகும் அணிவகுப்புக்கு வரும்படி சித்தப்பாவை அழைத்தாள்.

“நான் வரமாட்டேன். கையெழுத்து போட்டது ஒனக்கு. அவங்களுக்கு இல்ல.”

அவள் வற்புறுத்தவில்லை. அவருக்காக அந்த உடுப்பைக் கழற்றிவைப்பதாகவும் சொல்லவில்லை. திரும்பிப் போகும் நாளில் அவள் பையைத் தூக்கிக்கொண்டு சித்தப்பாதான் முன்னால் நடந்தார். பஸ் தரிப்பிடத்தில் யாரோ, பிள்ளை எங்கே போகிறது என்று கேட்டார்கள்.

“ஆமியில ஆபீசருக்குப் படிக்குது” என்றார் சித்தப்பா, அங்கே நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி.