இட்லிப்பூ ஜெயித்த நாள்

எங்கள் வீட்டில் கட்சி பிரிந்தது ஒரு புல்லால். சிரிக்காதீர்கள். நான் நான்காம் வகுப்பு படித்த வருடம், கடலூர் செம்மண்டலத்தில் இருந்த எங்கள் வீட்டு கேட்டுக்கு இடப்பக்கம் இட்லிப்பூச் செடிகளையும் வலப்பக்கம் ஒரு அலங்காரப் புல்லையும் சித்தப்பா நட்டு வைத்தார். அன்றிலிருந்து அம்மாவும் நானும் செடிக் கட்சி. சித்தப்பா புல் கட்சி. அப்பா எந்தப் பக்கமும் சேராமல் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

சித்தப்பா அப்போதுதான் மஸ்கட்டிலிருந்து விடுப்பில் வந்திருந்தார். எட்டு வருஷம் அங்கே ஒரு ஓட்டலின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர். இனி அந்த வெயிலுக்கும், பத்துப் பேர் படுக்கிற அறைக்கும் திரும்பிப் போவதாக இல்லை என்று வந்து இறங்கிய அன்றே அம்மாவிடம் சொல்லிவிட்டார். விடுப்பு முடிவதற்குள் இங்கேயே ஒரு வேலை பிடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி விமானம் ஏற வேண்டியதுதான். அந்த அவசரம் அவர் காலிலேயே தெரிந்தது. கேட்டுக்கும் குழாயடிக்குமாக நடந்துகொண்டே இருப்பார். நானும் பிறவியிலேயே இருப்புக் கொள்ளாத ஜென்மம், அவர் பின்னாலேயே நடப்பேன். “ரெண்டும் ஒரு எடத்துல உக்காராதுங்க” என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

வேலை சிதம்பரத்தில் இருந்தது. பைபாஸ் பக்கம் ஒருவர் புதிதாக லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்தார். வாசலிலிருந்து கட்டடம் வரை நீளமாகத் தோட்டம் போடவும், போட்டதை வருஷம் முழுக்கப் பராமரிக்கவும் ஆள் தேவை. சித்தப்பா என்னையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். கொட்டிக் கிடந்த ஜல்லி மேல் நான் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, முதலாளி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சித்தப்பாவின் போனில் புல்லின் படத்தைப் பார்த்தார்.

“போட்டோல நல்லாத்தாம்பா இருக்கு. பூச்செடியும் வை, இந்தப் புல்லையும் வை. வளத்துக் காட்டு. பாண்டிக்குப் போறப்ப ஒரு நாள் வந்து பாத்துட்டுச் சொல்றேன்.”

பக்கத்தில் நின்ற அவருடைய மச்சான், “பூச்செடின்னா நம்ம நர்சரிக்காரரே வெச்சிக் குடுத்துடுவாரு மாமா, இவரு எதுக்கு?” என்றார்.

“அதான். பூவுன்னா அவரு, புல்லுன்னா இவரு” என்று முதலாளி முடித்துவிட்டார். இதெல்லாம் என் காதிலும் விழுந்தது. ஆனால் அப்போது என் செருப்புக்குள் ஒரு ஜல்லிக்கல் போயிருந்தது. எனக்கு அதுதான் பெரிய விஷயமாக இருந்தது.

இட்லிப்பூ உள்ளூரிலேயே கிடைத்துவிட்டது. புல், பெங்களூரிலிருந்து லாரி பார்சலில் பன்னிரண்டு தூராக வந்தது. அம்மாவுக்கு இட்லிப்பூ என்றால் உயிர். எந்த மாசமும் பச்சை, எந்த மாசமும் கொத்துக் கொத்தாகச் சிவப்பு. வாசலுக்கும் ஆச்சு, சாமிக்கும் ஆச்சு. எனக்கு வேறு காரணம். ஒவ்வொரு குட்டிப் பூவிலும் நடுவில் இருக்கிற நரம்பை மெல்ல உருவினால் நுனியில் ஒரு துளி தேன் வரும். புல்லில் என்ன வரும்? முழங்காலில் கீறல் வரும்.

சித்தப்பா விடமாட்டார். நம்ம ஊர் உப்புத் தண்ணிக்கு இட்லிப்பூ இலை மஞ்சளடிக்கும், எறும்பு கூடு கட்டும், புயல் அடித்தால் கிளை முறியும் என்று அடுக்குவார். புல்லுக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாதாம். காற்று தள்ளினால் சாயும், விட்டால் எழுந்துகொள்ளும், வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு சாண் விட்டு அறுத்தால் போதுமாம்.

“ஆடு மாடு வந்து பாத்தா ரொம்ப ரசிக்கும் தம்பி” என்பாள் அம்மா.

“ஏன் அண்ணி, அந்தப் பூவ வெச்சி நீங்க மட்டும் என்னா இட்லியா அவிக்கப் போறீங்க?”

சாயங்காலம் கடல்காற்று வரும்போது அணில் வால் மாதிரி இருக்கிற அதன் கதிர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரு பக்கமாகச் சாயும். அந்தக் கொஞ்ச நேரம்தான் சித்தப்பா நடப்பதை நிறுத்திவிட்டு நிற்பார். உள்ளுக்குள் எனக்கும் பிடிக்கும். ஆனால் கட்சி மாற முடியுமா? இரண்டு பக்கமும் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. செடிக்கு இரண்டு குடம், புல்லுக்கு ஒரு குடம் என்று ஊற்றினேன். அந்தப் பாழாய்ப்போன புல் அதிலேயே என் இடுப்பு உயரம் வளர்ந்தது.

முதலாளி வருகிறேன் வருகிறேன் என்றே நாளைக் கடத்தினார். தெருவில் கார் சத்தம் கேட்டாலே சித்தப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்துவிடுவார், நானும் எழுந்துவிடுவேன். விடுப்பு முடிய மூன்று வாரம் இருக்கும்போது போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருகிறார்.

அந்த ஞாயிறு காலையில் சித்தப்பா சட்டையை இஸ்திரி போட்டு வாங்கிவரப் போயிருந்தார். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியில். அப்போதுதான் திட்டக்குடியிலிருந்து மாமா வந்து சேர்ந்தார். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவளான என் அத்தையைக் கட்டியவர். மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறவர். பை நிறையச் சோளக்கதிரை இறக்கி வைத்தவரின் கண் நேரே வலப்பக்கம் போனது.

“என்னா கண்ணு இது, வாசல்ல புல்லு இப்படி மண்டிக் கெடக்கு? பாம்பு வந்து படுத்தாக்கூடத் தெரியாதே!”

எனக்கு எல்லாம் தெரியும். பெங்களூர் தெரியும், லாரி பார்சல் தெரியும், பத்து மணி தெரியும். தெரிந்தும் சொன்னேன்: “யாருமே புடுங்க மாட்டேங்கறாங்க மாமா.” சொன்னதோடு நின்றேனா? பின்பக்கம் ஓடி மண்வெட்டியை வேறு எடுத்துவந்து கொடுத்தேன். அன்றைக்கு ஒரே நினைப்புதான் இருந்தது. வலப்பக்கம் காலியானால் எங்கள் கட்சி ஜெயிக்கும்.

மாமா கைகாரர். அரை மணி நேரத்தில் பன்னிரண்டு தூரையும் வேரோடு கல்லி எடுத்து, மண்ணை நிரவி, புல்லை அள்ளித் தெருவில் வந்த மாட்டுக்குப் போட்டார். அது நிஜமாகவே ரசித்துத் தின்றது. சித்தப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தபோது மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னா மச்சான், வெளிநாடு போய் வந்தா களை புடுங்கறதுகூட மறந்துடுமா? நானே சுத்தம் பண்ணிட்டன் பாரு!”

அக்கா புருஷன். கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அவர் முன்னால் எங்கள் வீட்டில் யாரும் குரலை உயர்த்தியதில்லை. சித்தப்பா கையிலிருந்த சட்டையைக் கேட்டின் மேல் போட்டார். பிறகு, “நீங்க ஏன் மாமா சிரமப்பட்டீங்க” என்றார். “அண்ணி, மாமாவுக்குக் காப்பி குடுங்க.” அம்மா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். அவளுடைய செடிக் கட்சி வெறும் கேலிக்குத்தான் என்பது எனக்குத் தெரியாது. உண்மையான தொண்டர் நான் ஒருத்திதான்.

சரியாகப் பத்து மணிக்குக் கார் வந்தது. “எங்கப்பா உன் புல்லு?” என்றார் முதலாளி. நாலடி தள்ளி நாற்காலியில் மாமா காபி ஆற்றிக்கொண்டிருந்தார். சித்தப்பா ஒரு தடவை அவரைப் பார்த்தார்.

“நம்ம ஊரு வெயிலுக்குத் தாங்கலிங்க சார். பட்டுப் போச்சி.”

“அப்ப வுடு. இந்தப் பூவே ஜோரா இருக்கு” என்று சொல்லிவிட்டு முதலாளி கூட வந்திருந்த தன் மச்சானின் பக்கம் திரும்பினார். “நர்சரிக்காரருக்கு ஒரு போன் போட்டுரு.” இரண்டு பேரும் ஏறிக்கொண்டார்கள். மொத்தம் ஐந்து நிமிஷம்கூட இருக்காது.

நான் துள்ளிக் குதித்தேன். “அம்மா, நம்ம செடி ஜெயிச்சிடுச்சி!” என்று கத்தியவளின் வாயை அம்மா பொத்தினாள். ஏன் என்று புரியவில்லை. பெரிய கொத்தாக ஒரு இட்லிப்பூவை ஒடித்துக்கொண்டுபோய்ச் சித்தப்பாவிடம் நீட்டினேன். “உனக்குத்தான் வேல கெடச்சிடுச்சே சித்தப்பா, ஏன் உம்முனு இருக்க?” அவர் வாங்கிக்கொண்டார். “ஆமா பாப்பா, கெடச்சிடுச்சி” என்றார். தன் கைவேலை என்னவென்று மாமாவுக்கு இன்றுவரை தெரியாது. யாரும் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்துச் சித்தப்பா பெட்டியோடு கடலூர் பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ் ஏறினார். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு வந்ததோ கோபம். அத்தனை நாள் தண்ணீர் ஊற்றி, முதலாளியே நேரில் வந்து ஜோராக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போன வேலை. அதைப் போட்டுவிட்டு ஓடுகிறாரே, மஸ்கட்டில் அப்படி என்னதான் கொட்டிக் கிடக்கிறது? அப்ப சிதம்பரத்துல பூச்செடி யாரு வெப்பாங்க என்று கேட்டேன்.

பஸ் நகர்ந்ததும் சித்தப்பா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி எனக்கு ஆட்டினார். “டாட்டா சொல்லு பாப்பா” என்று அப்பா தோளைத் தட்டினார். கிடைத்த வேலையை வேண்டாமென்று விட்டுவிட்டுப் போகிற ஆளுக்கு என்ன டாட்டா வேண்டியிருக்கிறது என்று நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.