யோகன் அண்ணை திருத்திக் கொடுத்த மூன்று கிழமை

இன்று மத்தியானம் என் இன்டர்ன்ஷிப் முடிந்தது!

நான் இங்கே சொந்தக் கதை எழுதுகிறவள் இல்லை. ஆனால் இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

உற்பத்தித் தொழில்நுட்பம் படிக்கிறேன். கடைசித் தவணை முழுக்க அஜக்ஸ் நகரில் ஓர் உலோகப் பாகத் தொழிற்சாலையில் வேலை. வீடு இருக்கும் மல்வேர்னிலிருந்து இரண்டு பஸ். காலை ஏழு மணிக்கு ஷிப்ட்.

ஒரு ப்ரொஜெக்ட் செய்து, ரிப்போர்ட் எழுதி, தொழிற்சாலைச் சூப்பர்வைசரிடம் இந்த வெள்ளிக்குள் கையெழுத்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த முறை பட்டம் இல்லை. தவணை முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும்.

நான் எடுத்த விஷயம் எளிமையானது. உலோகத்தைச் சுழற்றி வெட்டும் லேத் மெஷின் குளிர்காலக் காலையில் குளிர்ந்து கிடக்கும். ஓட ஓடச் சூடாகும். சூடாகும்போது அது வெட்டும் பாகத்தின் அளவு மெல்ல மெல்ல மாறும். எவ்வளவு மாறுகிறது என்று அளந்து காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

மூன்று கிழமை, தினமும் ஏழிலிருந்து ஒன்பது வரை, கால் மணிக்கு ஒருமுறை ஐந்து பாகங்களை எடுத்து அளந்தேன்.

அளவு மாறவே இல்லை!

கிராப் போட்டால் ஒரே நேர்கோடு. (ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு கோடு வந்தால் வீட்டாரைக் கூப்பிடுவார்கள்.)

கொலிச் ஆசிரியருக்கு அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது: "குளிர்ந்த மெஷின் இப்படி நடந்துகொள்ளாது. நீ அளந்த விதத்தைச் சரிபார்."

அளக்கும் மைக்ரோமீற்றரைச் சந்தேகப்பட்டேன். என் கண்ணைச் சந்தேகப்பட்டேன். நான் படித்த இயற்பியலைக்கூடச் சந்தேகப்பட்டேன்.

சந்தேகப்பட்டிருக்க வேண்டியவர் யோகன் அண்ணை.

அந்த லேத்தை ஓட்டுகிறவர் அவர்தான். என் அப்பாவின் வயது. ஆனால் அந்தத் தொழிற்சாலையில் எல்லாத் தமிழ் ஆண்களும் 'அண்ணை'தான்.

இந்தச் செவ்வாய்க்கிழமை கையுறை எடுக்கப் போன நான் பாதியில் திரும்பி வந்தேன். அவர் மெஷினின் திரைக்கு முன்னால் நின்று ஏதோ அழுத்திக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணை செய்யிறியள்?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை. சைஸ் கொஞ்சம் கூடிப் போச்சு. குறைச்சு விட்டனான்."

"எப்ப இருந்து இப்பிடிக் குறைக்கிறியள்?"

"இந்த மெஷினுக்கு வந்த நாள் தொட்டு. நீர் வந்த பிறகு இன்னும் கவனமாச் செய்யிறன். நீர் அளக்க முதல் நானே ஒருக்கா அளந்து, சரிப்படுத்தி வைக்கிறனான்."

மூன்று கிழமை! தினமும்! அன்போடு!

"அண்ணை, பிழை வரவேணும் எண்டுதான் நான் அளக்கிறன்!"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பிழை வாறதுக்கோ கொலிச்சில அனுப்பினவை?"

"ஓம்!"

"உம்மட பேர் போட்ட பேப்பரில பிழையான சைஸ் போனா, எங்கட பிள்ளைக்கு வேலை தெரியாது எண்டெல்லோ சொல்லுவினம்?"

பரீட்சையில் பக்கத்து மேசைப் பிள்ளைக்கு விடை காட்டிக் கொடுப்பதுபோல, மனிதர் ஒரு மெஷினுக்கே விடை சொல்லிக் கொடுத்திருக்கிறார்!

புதன்கிழமை சூப்பர்வைசரிடம் போய், ஒரு காலை மட்டும் யாரும் மெஷினைத் திருத்தாமல் ஓட விடலாமா என்று கேட்டேன். அளவு தப்பும் பாகமெல்லாம் கழிவுப் பெட்டிக்குத்தான் போகும். அவர் முகம் சுருங்கியது. "ஒரே ஒரு காலைதான்" என்றார்.

வியாழன் காலை ஏழு மணி. வெளியே கடுங்குளிர். யோகன் அண்ணை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஏழே கால்.

"பிள்ளை, கூடுது."

"கூடட்டும் அண்ணை."

ஏழரை.

"உது நல்லாக் கூடிப் போச்சு. ஒருக்காத் தொடட்டோ?"

"தொடக் கூடாது!"

கைகளை ஜாக்கெட் பொக்கெட்டுக்குள் போட்டார். எடுத்தார். திரும்பவும் போட்டார். பாகம் ஒவ்வொன்றும் கழிவுப் பெட்டிக்குள் விழும் சத்தத்துக்கு அவருடைய தோள் ஒருமுறை குலுங்கியது.

பக்கிங் பகுதியில் பாகங்களைப் பெட்டியில் அடுக்கும் அன்ரி அந்தப் பக்கமாகப் போனார். "என்ன யோகன், பிள்ளை உம்மை வேலையால நிப்பாட்டிப் போட்டாவோ?"

அண்ணை கோப்பி மெஷின் வரை போய், கோப்பி எடுக்காமலே திரும்பி வந்தார்.

ஒன்பது மணிக்கு என் கோடு அழகாக மேலே ஏறியிருந்தது. தலைமுடியின் தடிப்பில் பாதி அளவு மாற்றம். ஒரு கெட்ட முடிவைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை!

ஆனால் ஒரு காலைக் கணக்கை மட்டும் வைத்து ரிப்போர்ட் எழுத முடியாது. மூன்று கிழமையை மறைக்கவும் முடியாது. அண்ணையிடம் போனேன்.

"நடந்ததை அப்பிடியே எழுதப் போறன் அண்ணை. உங்களுக்குப் பிரச்சினை வருமோ தெரியாது."

அவர் மெஷினின் கதவைத் துணியால் துடைத்தார்.

"எழுதும். களவோ செய்தனான்?"

எழுதினேன். இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். ஒன்று அவர் கை வைத்தது, மற்றது வைக்காதது.

இன்று, வெள்ளிக்கிழமை, சூப்பர்வைசர் இரண்டையும் வெகுநேரம் பார்த்தார். எழுந்து நேரே லேத்துக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

"இத்தனை வருஷமாக இதைச் சொல்லவில்லையே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஒருத்தரும் கேட்கவில்லை" என்று அண்ணையும் ஆங்கிலத்தில் சொன்னார்.

சூப்பர்வைசர் என்னிடமிருந்து பேனையை வாங்கி, அங்கேயே, ரிப்போர்ட்டை லேத்தின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். திங்களிலிருந்து ஷிப்டுக்கு முன்னால் அரை மணி நேரம் மெஷினைச் சும்மா ஓட்டிச் சூடாக்க வேண்டுமாம். ரிப்போர்ட்டில் நான் எழுதிய பரிந்துரை!

அவர் போன பிறகு அண்ணை கிட்ட வந்தார்.

"எத்தினை மார்க்ஸ்?"

"மார்க்ஸ் இல்லை அண்ணை. கையெழுத்து மட்டும்தான். பாஸ்."

அண்ணை உச்சுக் கொட்டினார்.

"பாத்தீரோ! நான் திருத்தின மூண்டு கிழமையை மட்டும் குடுத்திருந்தா நூறு போட்டிருப்பாங்கள்!"