நான் இல்லாதபோது ஆடிய செடி

மைத்துனர் அந்தச் செடியை மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் வைத்துக் கொண்டுவந்தார். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் மண், ஒரு முழ உயரத் தண்டு, அதில் பதினோரு இலைகள். அவர் வண்டியை நிறுத்துவதற்குள் எண்ணிவிட்டேன். எண்ணுவது என் பழக்கம். ஒவ்வொரு பெரிய இலையின் அடியிலும் காதுமடல்போல இரண்டு சிற்றிலைகள் ஒட்டியிருந்தன.

"தொழுகண்ணி மச்சான். புக்கிட் மெர்தாஜாம்ல ஒரு ஆண்ட்டி வளக்குறாங்க, கெஞ்சி வாங்கிட்டு வந்தேன். இந்தச் சின்ன இல ரெண்டும் தானா ஆடும். காத்து வேணாம், கை படவும் வேணாம்" என்றார்.

வாசலிலேயே நின்று பத்து நிமிடம் பார்த்தேன். மாலை ஏழு மணி. ஆடவில்லை.

அவர் என் மனைவியின் தம்பி. வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டதால், வேறு வேலை கிடைக்கும்வரை டத்தோ கிராமாட்டில் எங்கள் வரிசை வீட்டில் தங்க வந்திருந்தார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பத்தொன்பது ஆண்டுகளாக அந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் ஓர் அலுவலகத்தில் கோப்புகளுக்குப் பொறுப்பாளன். காலை ஏழு இருபதுக்குக் கிளம்பி மாலை ஆறு நாற்பதுக்குத் திரும்புவேன். அவள் வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். எங்களுக்குள் சண்டை கிடையாது. அதையே நல்ல குடும்பத்தின் அடையாளம் என்று நினைத்திருந்தேன்.

தம்பி வந்த இரண்டாவது வாரம் ஒரு மாலை, சாவியைப் பூட்டில் நுழைக்கும்போது உள்ளே அவள் சிரிப்பதைக் கேட்டேன். முன்பும் அவள் சிரித்ததுண்டு, இப்படி அல்ல. மூச்சு வாங்கி, மேசையைத் தட்டி, "டேய் போதும்டா, வயிறு வலிக்குது" என்று கெஞ்சுகிற சிரிப்பு. நான் கதவைத் திறந்ததும் அது நின்றது. யாரும் வேண்டுமென்று நிறுத்தவில்லை. "வந்துட்டீங்களா? தண்ணி கலக்கட்டா?" என்று அவள் எழுந்துகொண்டாள், அவ்வளவுதான். அன்று அவள் கலக்கிய தேநீரைக் குடித்தபடி கணக்குப் போட்டேன். பத்தொன்பது ஆண்டுகளில் என்னால் வரவழைக்க முடியாத ஒன்றை, வேலையில்லாத ஒருவர் பதினோரு நாளில் வரவழைத்துவிட்டார்.

செடி குசினியில், அடுப்புக்குப் பக்கத்துச் சன்னலோரம் குடியேறியது. வீட்டின் பின்பகுதி அது. மேலே தகரக் கூரை, பகலில் கொதிக்கும். தினமும் மாலையில் இருவரும் எனக்குச் செய்தி சொல்வார்கள். "இன்னிக்கு நாலு இல ஒண்ணா ஆடுச்சுங்க", "நீங்க வர்றதுக்குள்ள நிறுத்திருச்சு மச்சான், அஞ்சு மணி வரைக்கும் ஆட்டம்." நான் போய்ப் பார்ப்பேன். பெரிய இலைகள் தொங்கித் தூங்கிக்கொண்டிருக்கும். காலையில் கிளம்புமுன் பார்ப்பேன். அப்போதும் அசைவிருக்காது. நாட்குறிப்பில் காலை, மாலை என்று இரண்டு கட்டம் போட்டு முப்பத்தாறு நாள் குறித்தேன். எழுபத்திரண்டு கட்டத்திலும் 'அசைவில்லை'.

பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் செடியை என் அறைக்குத் தூக்கி வந்தேன். சன்னலைச் சாத்தி, காற்றோட்டம் ஏமாற்றிவிடக் கூடாது என்று குளிர்சாதனத்தின் காற்றைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து, காலை முதல் மாலை வரை எதிரே உட்கார்ந்தேன். ஓர் இலையும் அசையவில்லை.

"ஆடும்ங்க. நீங்க இல்லாதப்ப நல்லாத்தான் ஆடும்" என்றாள் மனைவி. கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது.

"குசினிக்கு வாங்க மச்சான், மத்தியானம் சேந்து பாப்போம்" என்று மைத்துனர் அடுத்த ஞாயிறு கூப்பிட்டார். எனக்கு வேலை இருக்கிறது என்றேன். வேலை எதுவும் இல்லை. என் வீட்டுக் குசினியில் ஒரு வேடிக்கையைப் பார்க்க அவர் என்னை அழைப்பதா என்ற எண்ணம்தான்.

ஒருநாள் அலுவலகக் கோப்பு ஒன்றை வீட்டில் மறந்துவிட்டு, பகல் ஒன்றரைக்குத் திரும்ப வந்தேன். முன்னறையில் கோப்பை எடுக்கும்போது குசினியிலிருந்து பேச்சு கேட்டது.

"அக்கா, இங்க பாரு, கைய தூக்குது. பஸ்ஸ நிறுத்துற மாதிரி!"

"பஸ்ஸாவது! உங்க மச்சான் ஃபைல எடுக்குற மாதிரி லா இருக்கு. மெதுவா தூக்குவாரு... நடுவுல நிப்பாட்டி யோசிப்பாரு... அப்பறம் டக்குனு கீழ!"

இருவரும் சிரித்தார்கள். இரண்டு நிமிடமாவது சிரித்திருப்பார்கள். ஆறடி நடந்தால் குசினி. செடி ஆடிக்கொண்டிருந்தது, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் போனால் இரண்டுமே நின்றுவிடும் என்று தோன்றியது. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அந்த வாரமே சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்த பழைய பள்ளித் தோழனைக் கூப்பிட்டு மைத்துனருக்கு வேலை கேட்டேன். வேலை கிடைத்ததும், தீவிலிருந்து கடல்மேல் பாலத்தைத் தாண்டித் தினமும் போய்வருவது கஷ்டம் என்று நானே சொல்லி, தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஓர் அறையும் பார்த்துக் கொடுத்தேன். "சொந்த அண்ணன்கூட இப்படிச் செய்ய மாட்டாரு மச்சான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. அவர் துணிப்பெட்டியைக் காடியின் பின்கதவைத் திறந்து ஏற்றியதும் நான்தான். செடியை அக்காவுக்கே விட்டுவிட்டுப் போனார்.

வீடு பழையபடி ஆயிற்று. நான் விரும்பியது அதுவே. ஆனால் இப்போது அதன் அமைதிக்கு ஓர் ஓசை இருந்தது: தையல் இயந்திரம் ஓடும், நிற்கும், ஓடும். செடி ஆடியதா என்று அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். நானும் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து எனக்குக் காய்ச்சல் வந்து, மருத்துவர் இரண்டு நாள் ஓய்வெடுக்க எம்சி எழுதிக் கொடுத்தார். முதல் நாள் பகல், உடம்பு குளிரில் நடுங்க, சுடுதண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போனேன். மணி ஒன்று பத்து. தகரக் கூரை அனலாய்க் கொதித்தது. அந்தச் சூடு எனக்கு இதமாக இருந்தது. கெண்டியில் தண்ணீர் கொதிக்கக் காத்து நின்றபோது ஒரு சிற்றிலை எழுந்தது. நடுவில் நின்றது. பின் ஒரு வெட்டு வெட்டிக் கீழே இறங்கியது. அதன் இணை எதிர்ப்பக்கம் ஏறியது. பிறகு கீழே ஒன்று, மேலே ஒன்று. அவள் சொன்னது சரி, நான் கோப்பு எடுப்பதைப் போலத்தான் இருந்தது.

நான் எதிரே நின்றேன். அது ஆடிக்கொண்டேயிருந்தது.

காரணம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. அதற்கு வெயிலும் வெக்கையும் வேண்டும். நான் பார்த்ததெல்லாம் விடிந்தும் விடியாத நேரம், இருட்டும் நேரம், மற்றபடி குளிர்சாதன அறை. அது என்னை ஒதுக்கவே இல்லை. குளிரில் உட்காரவைத்து ஆடு ஆடு என்று காத்திருந்தவன் நான். அது என்னை ஒதுக்கியதாக நினைத்த கோபத்தில்தான் ஒரு மனிதரைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பிவைத்திருந்தேன்.

மனைவி குசினி வாசலில் வந்து நின்றாள். "பாத்துட்டீங்களா?"

சொல்லிவிட்டேன். வேலை கேட்டது, அறை பார்த்தது, எல்லாமே உதவிக்காக அல்ல, நீ அவனோடு சிரிப்பதைத் தாங்க முடியாமல் என்று. காய்ச்சல் இல்லாவிட்டால் சொல்லியிருப்பேனா தெரியாது.

"தெரியும்" என்றாள்.

"எப்பலருந்து?"

"அவன் ரூமுக்கு மெத்தை, காத்தாடி, துணி காயப்போடக் கயிறு, எல்லாம் நீங்களே வாங்கி வச்சீங்களே, அப்பவே. நமக்குக் கல்யாணம் ஆனப்பகூட நீங்க இவ்வளவு வேகமா வீடு பாக்கல." உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அவனும் எத்தன நாளுக்குத்தான் அக்கா வீட்டுச் சோத்தத் தின்னுட்டு இருப்பான்? நான் சொன்னா ரோசப்படுவான். உங்க பொறாமையால லா அவனுக்கு வேல கெடச்சுச்சு!"

சிரித்தாள். கெண்டியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் எதிரே, என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த ஒரு நிமிடத்துக்கு எந்தக் குறையும் சொல்ல மாட்டேன்.

பிறகு கைப்பேசியை எடுத்தாள். "டேய், சாப்ட்டியா? இங்க கேளேன், உங்க மச்சான் என்ன சொல்றாருன்னு..." பேசிக்கொண்டே முன்னறைக்குப் போய்விட்டாள். அங்கிருந்து அவள் சிரிப்பு கேட்டது. என்னிடம் சிரித்ததைவிட நீளமாக, மேசையைத் தட்டி. நான் செடிக்கு முன்னால் நின்று, அந்தச் சிரிப்பு முடியக் காத்திருந்தேன்.