பூராடத்தில் ஜெயித்த கோப்பை

"25 ஜூன் 2008, புதன். மழை. பாயசம் இல்லை."

என் ஐந்தாம் வகுப்புக் கணக்கு நோட்டின் பின்னட்டையில் மலையாள எழுத்தில் இப்படி இருக்கிறது. வீட்டில் பேசியது தமிழ் என்றாலும் அந்த வயதில் எனக்கு எழுத வந்தது மலையாளம்தான். தேதியும் கிழமையும் சரி. பழைய நாள்காட்டியோடு ஒப்பிட்டுவிட்டேன். மழையைச் சரிபார்க்கவில்லை. கொச்சியின் மட்டாஞ்சேரியில் ஜூன் மாதத்தில் மழை என்று எழுதி யாரும் தவறிப்போனதில்லை.

இந்தியா முதன்முதலாகக் கிரிக்கெட் உலகக்கோப்பையை வென்று அன்றோடு இருபத்தைந்து வருடம். இரண்டு நாள் முன்னதாகவே பத்திரிகையில் தேதியோடு பெரிய படம் போட்டிருந்தார்கள். எனக்கோ அது குடும்ப விஷயம். எங்கள் பெரியப்பா வீட்டில் வருடா வருடம் மழைக்காலத்தில் ஒரு நாள், கோப்பைக்குப் பிறந்தநாள் என்று சொல்லிச் சக்கப்பிரதமன் வைப்பார்கள். பலாப்பழமும் வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அந்தப் பாயசத்தைப் பெரியம்மா தம்ளரில் விளம்புவாள். லண்டனில் நடந்த ஆட்டத்தை ரேடியோவில் கேட்ட கதையைப் பெரியப்பா சொல்வார். அது எந்தத் தேதி என்று நான் கவனித்ததே இல்லை. பத்திரிகையைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன்.

கண்டுபிடித்ததை வைத்து உடனே ஒரு பேரமும் பேசினேன். எங்கள் சந்துப் பையன்கள் மிளகுக் கிடங்கின் முற்றத்தில் ஆடுவார்கள். என்னையும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள், சாக்கடையில் விழும் பந்தை எடுப்பதற்கு. மட்டையைத் தொட விட்டதில்லை. அணித்தலைவன் குஜராத்தி வியாபாரி ஒருவரின் மகன். கொடுக்கல் வாங்கலில் தெளிவானவன். "புதன்கிழமை எல்லாருக்கும் பாயசம். எனக்கு ஓப்பனிங்," என்றேன். "பாயசம் வந்தால் ஓப்பனிங். வரலைன்னா சாக்கடை," என்றான் அவன்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் மொத்த அணியையும் கூட்டிக்கொண்டு பெரியப்பா வீட்டு வாசலில் போய் நின்றேன். எல்லோரும் நனைந்திருந்தார்கள். ஒருவன் வீட்டிலிருந்தே தம்ளர் எடுத்து வந்திருந்தான்.

பெரியப்பா எங்களைப் பார்த்து முழித்தார். "கோப்பையோட பொறந்தநாளா? அது வெள்ளிக்கிழமையே கழிஞ்சாச்சேடி. நீயும் வந்து ரெண்டு தம்ளர் குடிச்சியே!"

குடித்தது உண்மை. யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்துக் குடித்திருந்தேன். எங்கள் உறவில் மாதத்துக்கு நாலு பேருக்கு நட்சத்திரம் வரும். எதற்கு என்று கேட்டுக்கொண்டா பாயசம் குடிப்பார்கள்?

"பேப்பர்ல இன்னிக்குன்னு போட்டிருக்கு," என்றேன்.

"பேப்பர்காரன் தேதி பாக்கறான். நாம நட்சத்திரம்னா பாக்கணும்? மிதுன மாசம், பூராடம். ஆட்டம் தொடங்கறச்சே மூலம். முடியறச்சே பூராடம். ஜெயிச்சது பூராடத்திலயாக்கும்."

பையன்களுக்கு மூச்சு நின்றுவிட்டது. தலைவன்தான் முதலில் தேறினான். அவன் வீட்டுப் புதுவருடம் தீபாவளிக்கு மறுநாள். அடுத்த வீட்டுக்காரர்களுக்கு மலையாளச் சிங்க மாதத்தில். ஆளுக்கொரு கணக்கு இருப்பது எங்கள் சந்தில் யாருக்கும் புதிதில்லை. ஆனால் கிரிக்கெட்டுக்கு நட்சத்திரம் பார்ப்பதை அவனாலும் ஏற்க முடியவில்லை. "அப்போ இவங்களுக்கு வேற கப்பா?" என்றான். தம்ளர்க்காரன் அவன் பங்குக்கு, "ஆட்டம் முடியும்போது இங்கே ராத்திரி பன்னிரண்டுன்னு எங்க வாப்பா சொன்னாரு. அப்போ நாளைக்கு வரலாமா?" என்று கேட்டான். வெள்ளி, புதன், வியாழன். எந்த நாளில் ஜெயித்தோம் என்பதே எனக்கு மறந்துபோய்விடும் போலிருந்தது.

பெரியப்பா உள்ளே திரும்பி, "பாவம், குழந்தைகள். கொஞ்சம் உண்டாக்கிக் கொடேன்," என்றார்.

பெரியம்மா நிலைப்படியில் வந்து நின்றாள். எதற்கும் முடியாது என்று சொல்லாதவள். "பஜ்ஜி போட்டுத் தரேன். பிரதமன் அன்னிக்கு மட்டுந்தான்," என்றாள்.

தலைவன் என்னைப் பார்த்துச் சாக்கடை இருக்கும் திசையில் விரலைக் காட்டினான். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. பெரியம்மாவைப் பார்த்துக் கத்தினேன்: "கோப்பை என்ன குழந்தையா, நட்சத்திரம் பாத்துப் பாயசம் வைக்க?"

பெரியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனாள். அடி விழும் என்று காத்திருந்தேன். பெரியப்பா சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். "வாடி," என்றார்.

கிடங்கு முற்றத்துக்கு எங்களோடு நடந்து வந்தார். தலைவனின் தோளில் கை வைத்து, "மோனே, இவளுக்கு ஒரு ஓவர் கொடு. நான் பந்து போடறேன்," என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் ஓடி வந்ததைப் பார்த்துப் பையன்கள் சிரித்தார்கள். முதல் பந்தைத் தவறவிட்டேன். இரண்டாவது மட்டையில் பட்டுச் சாக்கடைக்கே போயிற்று. தலைவன் போய் எடுத்து வந்தான். மழை வலுத்தது. ஓவர் முடிந்த பிறகும் பெரியப்பா நிறுத்தவில்லை. முகம் முழுக்க நனைந்து போட்டுக்கொண்டே இருந்தார். என் கேள்வி சரியான கேள்வி, அதனால்தான் மட்டை கிடைத்தது என்று நம்பினேன். அடுத்த நாளிலிருந்து நான்தான் ஓப்பனிங்.

சென்ற வருடம், கிரிக்கெட் ஆண்டுநாள்களைத் தொகுக்க உட்கார்ந்தபோது பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். பெரியப்பா சொன்னது சரி; ஆட்டம் மூலத்தில் தொடங்கிப் பூராடத்தில் முடிந்திருக்கிறது. வியந்துபோய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அன்னிக்கு ராத்திரிதான் அவாளுக்கு ஒரு ஆண் குழந்தை பொறந்தது. விடியற வரைக்கும்கூட இருக்கலை. போனவாளுக்குப் பொறந்தநாள் கொண்டாடப்படாதோல்லியோ?"

அம்மா அப்போது இந்தக் குடும்பத்துக்கு வந்திருக்கவில்லை. அவளுக்கும் இது கேள்விப்பட்ட விஷயம்தான். பெரியப்பாவிடமோ பெரியம்மாவிடமோ நான் கேட்கவில்லை. பிறப்புப் பதிவில் தேடினேன், கிடைக்கவில்லை. நட்சத்திரத்தை வைத்துப் பார்த்தால் இரவு பிறந்திருக்க வேண்டும். கடைசி விக்கெட் விழுந்ததைப் பெரியப்பா ரேடியோவில் கேட்டபோது அவன் பிறந்துவிட்டிருந்தானா என்பது மட்டும் இன்னும் உறுதிப்படவில்லை.