இரவல் கட்டிலின் நான்காவது கால்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கி, பந்திக்குக் கூப்பிடும்வரை புரட்டிக்கொண்டிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் அண்ணனின் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணன் போய் ஓர் ஆண்டு ஆகிறது. அவரைப் பற்றி எழுதித் தர வேண்டும் என்று அண்ணி கேட்டபோது முடியாது என்றுதான் முதலில் சொன்னேன். ஆஸ்பத்திரி, பஸ், சமையல், துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் காப்பி, கருமாதி, மாசாமாசம் திதி என்று ஓடிய ஓட்டத்தில் உடம்பில் ஓர் அசதி வந்து உட்கார்ந்துவிட்டது. இன்னும் எழுந்து போகவில்லை. "நம்ம வீட்டுல பத்து வரைக்கும் படிச்சவ நீதானே, நீயே எழுதிரு" என்று அண்ணி சொல்லிவிட்டார். என்னைப் படிக்க வைத்தது அண்ணன். அதற்காக எழுதுகிறேன். தங்கமானவர், தியாகி என்றெல்லாம் அச்சகத்தார் அட்டையிலேயே போட்டுவிட்டார்கள். நான் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அண்ணன் பிறந்தது உசிலம்பட்டிக்கு மேற்கே, மழையை நம்பிய ஒரு சிற்றூரில். மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா காலமாகிவிட்டார். அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு மதுரைக்கு வந்து, நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தார். அண்ணன் படிப்பை விட்டுவிட்டு லாரிப் பட்டறையில் சேர்ந்தார். அன்றைக்குப் பிடித்த ஸ்பேனரை அவர் கீழே வைத்ததாக எனக்கு நினைவில்லை. எனக்குக் கல்யாணம் முடிக்கும்வரை தான் கல்யாணம் செய்துகொள்ள மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். அண்ணி அதற்காக இன்னும் என்னைச் சீண்டுவதுண்டு.

என் வீட்டுக்காரர் மேலூர்ப் பக்கத்துக்காரர். கல்யாணமாகிச் சில வருடங்களில் அவரும் அண்ணனும் சேர்ந்து அங்கே ஒரு ஜல்லி கிரஷர் போட்டார்கள். கல்லும் ஆட்களும் இவர் பொறுப்பு, இயந்திரம் அண்ணன் பொறுப்பு. மச்சான், மாப்ள என்று இரண்டு பேரும் ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டார்கள். கூடப் பிறந்தவர்கள் என்று நினைத்தவர்களும் உண்டு.

கிரஷரைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கல்லை உடைக்கிற இயந்திரம் தன்னையும் சேர்த்து உலுக்கிக்கொள்ளும். காலையில் இறுக்கிய நட்டு சாயங்காலம் கையாலேயே சுற்ற வரும். ஸ்பிரிங் வாஷர் போட்டாலும், நட்டுக்கு மேல் நட்டுப் போட்டாலும், கொஞ்ச நாளில் எல்லாம் தளர்ந்துவிடும். வேலை முடிந்து ஆட்கள் எல்லாரும் குளித்துக் கிளம்பிய பிறகு, அண்ணன் ஒவ்வொரு நட்டாக மறுபடி இறுக்கிக்கொண்டு இயந்திரத்தைச் சுற்றி வருவார். கல் தூசியில் தலை நரைத்ததுபோல் இருக்கும். "இறுக்குனது இறுக்குனபடி நிக்கணும் பாப்பா. நான் கேக்குறது அம்புட்டுத்தான்" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். அவர் கடவுளிடமும் அதற்கு மேல் எதையும் கேட்டிருக்க மாட்டார்.

அந்தச் சமயத்தில்தான் மெட்ராஸிலிருந்து வந்த ஒரு விற்பனைக்காரர், போல்ட்டின் திருகு வரிகளான மரையில் தடவினால் நட்டுத் தளராது என்று சொல்லி ஒரு சின்னப் புட்டியைக் கொடுத்தார். அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர். எங்கள் கிரஷரில் எல்லாருக்கும் அது நட்டு மருந்து. என் வீட்டுக்காரர் புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மச்சான், பாதிதான் இருக்கு. நல்லா ஏமாத்திப்புட்டான்."

"அப்படித்தான் வருமாம் மாப்ள. உள்ள காத்து இருந்தாத்தான் அது தண்ணியா இருக்குமாம். காத்துப் போகாம ரெண்டு இரும்புக்கு நடுவுல மாட்டிக்கிட்டா இறுகிருமாம்."

"நமக்கு மூச்சு முட்டுனா போய்ச் சேருவோம். இதுக்கு மூச்சு முட்டுனாத்தான் வேலையே ஆரம்பமாக்கும்."

அண்ணன் சிரித்தார். ஆனால் மருந்து வைப்பதில் அவரிடம் விளையாட்டு கிடையாது. போல்ட்டையும் நட்டையும் பெட்ரோலில் கழுவிக் காய வைப்பார். மண்ணெண்ணெயில் கழுவ விடமாட்டார். அதில் ஒரு பிசுக்கு நிற்குமாம். போல்ட்டின் நுனியில் தடவினால் வீண், நட்டு வந்து உட்காரும் இடத்தில் மரை நனைய ஒரு சொட்டுப் போதும். அடி அடைத்த துளையாக இருந்தால் மட்டும் மருந்தைத் துளைக்குள் விட வேண்டும். மருந்திலும் இரண்டு உண்டு. "பின்னாடி கழட்ட வேண்டியதுக்கு நீலம். கழட்டவே வேண்டாங்கிறதுக்குச் செவப்பு" என்று ஆட்களுக்குச் சொல்லியிருந்தார். சிவப்பு வைத்ததைக் கழற்ற வேண்டுமானால் ஊதுவிளக்கால் சுட வேண்டும், சின்னத் திருகாணியாக இருந்தால் தலை முறிந்துவிடும். மருந்து வைத்து இறுக்கிய பிறகு ஒரு நாள் இயந்திரத்தை ஓட்டக் கூடாது. அந்த ஒரு நாளுக்கு மட்டும் அவருக்கும் என் வீட்டுக்காரருக்கும் உரசல் வரும். கடைசியில் அண்ணன் சொன்னதுதான் நடக்கும்.

அந்த மருந்து வந்த பிறகுதான் அண்ணன் பொழுதோடு வீடு திரும்பினார். பிள்ளைகள் விழித்திருக்கும்போதே அவரைப் பார்த்தார்கள்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு இயந்திரம் நிற்பதால், பெல்ட் மூடியின் தேய்ந்த போல்ட்டுகளை மாற்றிவிடலாம் என்று அண்ணன் முடிவு செய்தார். பெல்ட்டில் யாரும் சிக்கிவிடாமல் மறைக்கிற கனமான இரும்பு மூடி அது. புதுப் போல்ட்டுகளை முதல் நாளே பெட்ரோலில் கழுவிக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு, பூஜைச் சாமான் வாங்க மதுரைக்குப் போய்விட்டார். பூஜைக்கு இரும்பெல்லாம் மினுங்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் ஆட்களிடம் சொல்லியிருக்கிறார். அவர்கள் ஸ்பேனர், சுத்தியல், கடப்பாரை எல்லாவற்றுக்கும் தேங்காயெண்ணெய் தடவிச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். காகிதத்தைப் பிரித்து அந்தப் போல்ட்டுகளுக்கும் நட்டுகளுக்கும் வைத்துவிட்டார்கள். பக்தியோடு செய்ததுதான்.

விஜயதசமியன்று காலை நான் சுண்டலும் பொங்கலும் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அண்ணன் அந்தப் போல்ட்டைக் கையில் எடுத்து, கட்டை விரலால் மரையைத் தடவிப் பார்த்தார். பிறகு பெட்ரோல் டப்பாவை எடுத்தார்.

"என்ன மச்சான் செய்றீக?"

"எண்ணெய் பட்டிருக்கு மாப்ள. கழுவிட்டு மாட்டுறேன்."

"சாமிக்கு வச்சதையா? சந்தனத்தைப் பெட்ரோல்ல கழுவுவாகளா? நல்ல நாளும் அதுவுமா வேண்டாம் மச்சான். துணியில துடைச்சுட்டு மாட்டுங்க, போதும்."

ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அண்ணன் டப்பாவை மூடி வைத்துவிட்டு, மரையை மட்டும் துணியால் துடைத்து, மருந்து வைத்து இறுக்கினார். போல்ட்டுத் தலையில் குங்குமம் அப்படியே இருந்தது. ஒரு நாள் கழித்துத்தான் ஓட்டினார்கள். அதிலெல்லாம் குறை இல்லை.

தீபாவளிக்குள் அந்த மூடி கழன்று விழுந்தது. கீழே நின்றது கருப்பையா. இயந்திரத்தில் கல் போடுகிறவர், மூன்று பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன். பாதம் நசுங்கிவிட்டது. அண்ணன்தான் அவரை லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு மதுரை ஆஸ்பத்திரிக்கு ஓடினார். உயிர் தப்பியது, கால் பழையபடி வரவில்லை.

அண்ணன் திரும்பி வந்தபோது கழன்று கிடந்த போல்ட்டை என் வீட்டுக்காரர் கையில் வைத்திருந்தார். மரையில் மருந்து இறுகாமல் வழவழவென்று இருந்தது. எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். "மருந்து மருந்துன்னு மச்சான் இதைக் கட்டிக்கிட்டு அழுதாரு. இப்ப ஒருத்தன் கால் போச்சு." அண்ணன் தன் ஸ்பேனர்களைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, மேலூர் பஸ் ஸ்டாண்டுவரை நடந்தே போய்விட்டார்.

அன்றைக்கு வீட்டில் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன், "கழுவ வேண்டாம்னு சொன்னது நீங்கதானே?" என்று. "சோத்தப் போடு" என்றார். சோற்றைப் போட்டேன். அவர் சாப்பிடவில்லை.

அண்ணனிடமும் போய்க் கேட்டேன். "நீங்க ஏன்ணே வாயத் தொறக்கல?"

"என்னன்னு தொறக்க? அவரு சாமிக்குப் பயந்து சொன்னாரு. எண்ணெய் இருந்தாப் பிடிக்காதுன்னு அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தெரிஞ்சவன்தான கழுவணும்?"

"அப்ப கெரஷருக்கு வாங்க."

"அவரு வந்து கூப்பிட்டா வாரேன்."

அது பெரிய கோரிக்கை இல்லை. மேலூரிலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் வர எத்தனை நேரம் ஆகிவிடும்? ஆனால் வருடங்கள் ஆயின. அண்ணன் மதுரையில் பம்புசெட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, நாகமலை புதுக்கோட்டையில் வாடகைக்கு வீடு பிடித்தார். என் பிள்ளைகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீரோடு வந்தார். மடியில் உட்கார வைத்துக் காது குத்தினார். இலை போட்டதும் வேலை இருக்கிறது என்று எழுந்துவிட்டார். என் வீட்டுக்காரர் பந்தலின் அந்தக் கோடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் சாம்பார் வாளியோடு நின்றவள் நான். என்னைப் பிடித்த அசதி அன்றைக்கே தொடங்கியதாகத்தான் இருக்கும்.

பிறகு அண்ணனுக்கு இருமல் வந்தது. அத்தனை வருடம் குடித்த கல் தூசி நெஞ்சில் தங்கிவிட்டது என்றார் டாக்டர். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். தரையில் படுத்தால் மூச்சு விட முடியவில்லை. பக்கத்து வீட்டு வாத்தியார் தம் இரும்புக் கட்டிலைக் கொடுத்து உதவினார். கால்களைத் தனியே கழற்றி மாட்டுகிற கட்டில். ஒரு காலில் நட்டுத் தளர்ந்திருந்தது. அண்ணன் இருமும்போதெல்லாம் கட்டில் ஆடும், கட்டில் ஆட இருமல் கூடும். என்னாலும் அண்ணியாலும் இறுக்க முடிந்தவரை இறுக்கினோம். இரண்டு நாளில் பழையபடி ஆகிவிடும்.

அந்த நாட்களில் கருப்பையா காலை இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரரிடம் நின்றபடியே பேசினார்.

"ஆஸ்பத்திரியில நான் கெடந்தப்ப, அண்ணே வந்து 'எண்ணெயப் பாத்தேன் கருப்பையா, பாத்துட்டுத்தான் மாட்டுனேன், தப்பு என்னோடது'ன்னு சொன்னாக. கழுவ வேண்டாம்னு நீங்க சொன்னதை நானும் பக்கத்துல நின்னு கேட்டேன். இன்னிக்கு வரைக்கும் உங்க பேர அவுக சொன்னதில்ல. இதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

காப்பி கொடுத்தேன். குடிக்காமல் போய்விட்டார்.

மறுநாள் என் வீட்டுக்காரர் என்னோடு நாகமலைக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்ற அவருக்கு வெகு நேரம் ஆனது. அண்ணன் தலையைத் திருப்பி, "வாங்க மாப்ள" என்றார், நேற்றுத்தான் பார்த்தவரைப்போல. இவர் உள்ளே வருவதற்குள் அண்ணனுக்கு இருமல் வந்து கட்டில் ஆடியது. இவர் அந்தத் தளர்ந்த கட்டில் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெளியே போய்விட்டார். போயே போய்விட்டார் என்றுதான் நினைத்தேன்.

திரும்பி வந்தபோது ஒரு சீசாவில் பெட்ரோல், பழைய துணி, ஸ்பேனர், மருந்துப் புட்டி எல்லாம் கையில் இருந்தன. கட்டிலுக்கு அடியில் செங்கல் கொடுத்துத் தூக்கி, அந்தக் காலைக் கழற்றித் தரையில் உட்கார்ந்து போல்ட்டைக் கழுவினார். அண்ணன் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீலமா, செவப்பா?"

"நீலம்தான் மச்சான்."

"ம். இரவல் கட்டிலு. திருப்பிக் குடுக்கணும்ல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி கேட்டார். "எண்ணெய்?"

"ரெண்டு தரம் கழுவிட்டேன்."

ஒரு சொட்டு விட்டு இறுக்கினார். "நாளைக்கு வரைக்கும் கட்டில் அசையாம இருக்கணும் மச்சான்."

"நான் எங்க மாப்ள போகப் போறேன்."

செங்கலை எடுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர், சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "நல்லானதும் கெரஷருக்கு வரணும் மச்சான்."

"வாரேன்" என்றார் அண்ணன்.

அதற்குப் பிறகு அவர் இருந்தது கொஞ்ச காலம்தான். என் வீட்டுக்காரர் தினமும் வந்தார். பழைய கதை எதையும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை என் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் ஒரே தட்டில் இட்லியைப் பிட்டு இவர் ஊட்ட, அண்ணன் சாப்பிட்டார். கட்டில் ஆடவில்லை. ஒரு மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டுக் கண்ணை மூடியவர், பிறகு திறக்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. தூக்கம் பாராமல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கு நான் நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார், சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், பம்புசெட்டுக் கடை முதலாளிக்கும், கேட்காமலே கட்டில் தந்த வாத்தியார் வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்தக் காலோடு சுடுகாடுவரை நடந்து வந்த கருப்பையாவுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரருக்கும் சொல்ல வேண்டும். காரியம் முடிந்து கட்டிலைத் திருப்பிக் கொடுக்க அவர்தான் கழற்றினார். மற்ற மூன்று கால்களும் லேசாகக் கழன்றன. நான்காவது கால் அசையவில்லை. ஸ்பேனரை மாட்டி, உடம்பின் பலத்தையெல்லாம் கொடுத்து இழுத்த பிறகுதான் நட்டு நகர்ந்தது. வெளியே வந்த போல்ட்டின் மரையில் மருந்து காய்ந்து பொடியாக உதிர்ந்தது. அதைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்லாப் பிடிச்சிருக்கு மச்சான்" என்றார், யாரும் இல்லாத அந்த இடத்தைப் பார்த்து. பிறகு வெறுந்தரையில் உட்கார்ந்து அழுதார். நான் அவரைத் தடுக்கவில்லை. கட்டில் கால்களை ஒவ்வொன்றாக எடுத்து வாசலில் வைத்தேன்.