ஒப்பாரிக்கு அலைஞ்ச காலம்

அந்த வருசம் எங்கட வெள்ளைக்காரத் துரைக்கு ஊர்ச்சனத்தின்ர கதை, பாட்டில ஒரு பித்துப் பிடிச்சிட்டுது. மன்னார் அரசாங்கக் கச்சேரியில அவருக்குக் கீழ கிளாக்கராய் இருந்த என்னைக் கூப்பிட்டுப் பெரிய கொப்பி ஒண்டைத் தந்தார். கதை, விடுகதை, பழமொழி, தாலாட்டு, வலை இழுக்கிற பாட்டு, ஒப்பாரி எண்டு ஒவ்வொண்டுக்கும் தனிப் பக்கம். "எல்லாம் நிரம்பினால்தான் லீவு" எண்டார். இலுப்பைக்கடவையில அம்மா பாயோட பாயாய்க் கிடக்கிறா எண்டு மூண்டு கடிதம் வந்திட்டுது. எனக்குக் கதையும் வேண்டாம், பாட்டும் வேண்டாம். ஒருக்கால் போய் அவவின்ர முகத்தைப் பார்க்கவேணும், அவ்வளவுதான்.

முசலிப் பக்கத்து முஸ்லிம் வியாபாரி ஒருத்தர் விடுகதை போட்டு, நான் முழிச்சதைப் பார்த்துச் சிரிச்சே களைச்சுப்போனார். வலைக்காரர், கயிறு பிடிக்காமல் பாட்டு வராது எண்டு என்னையும் இழுக்க வைச்சினம், கை கொப்புளிச்சுப்போச்சு. ஒருமாதிரி எல்லாம் நிரம்ப, ஒப்பாரிப் பக்கம் மட்டும் வெறுமையாய்க் கிடந்தது.

அரிப்பு எண்ட ஊரில ஒப்பாரிக்குப் பேர்போன மனிசி ஒருத்தி இருந்தா. கேட்டதும் வாயைப் பொத்தினா. "ஐயோ மாதாவே! பிரேதம் இல்லாமல் ஒப்பாரி சொன்னால் பிரேதம் தேடி வரும். ஆரும் கண்ணை மூடினால் வாங்கோ, சொல்லுறன்."

அவவின்ர பக்கத்து வீட்டில ஒரு கிழவர் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தார். வெட்கத்தை விட்டுச் சொல்லுறன், அந்த ஊரிலேயே தங்கி, ஒவ்வொரு காலமையும் அந்த வீட்டுப் படலையடியில போய் நிண்டன். "அப்பு எப்பிடி?" எண்டு கேட்பன். "ஆண்டவற்ற கிருபை, இண்டைக்குக் கஞ்சி குடிச்சவர்" எண்டு மகள் சந்தோசமாய்ச் சொல்லுவா. எனக்கு நெஞ்சு விழுந்துபோகும். சீ, நானும் ஒரு மனிசனே! ஒன்பதாம் நாள் கிழவர் எழும்பி வந்து, சுருட்டைப் பத்தவைச்சுக்கொண்டு, "வாங்கோ தம்பி, தினமும் என்னைச் சுகம் விசாரிக்கிற ஆள் நீங்கள்தானே" எண்டார்.

அண்டைக்குப் பின்னேரம் கச்சேரிப் பியோன் சைக்கிளில வந்தான். அம்மா போயிட்டா. செத்தவீட்டுக்கெண்டால் லீவு ஒரு கேள்வியும் இல்லாமல் கிடைக்கும்.

நான் போய்ச் சேர, பெண்டுகள் அம்மாவைச் சுத்தியிருந்து தலைவிரிச்சு அழுதுகொண்டிருந்தினம். நான் பிறந்தது, உத்தியோகத்துக்குப் போனது, வாறன் வாறன் எண்டு வராமல் விட்டது, எல்லாத்தையும் அம்மாவிட்ட சொல்லிச் சொல்லி அழுதினம். இந்தப் படுபாவி மூளை ஒரு வரி விடாமல் பிடிச்சு வைச்சுக்கொண்டுது.

திரும்பி வந்தபோது துரை என்ர கையைப் பிடிச்சுத் துக்கம் விசாரிச்சார். நல்ல மனிசன். பிறகு கொப்பியைத் திறந்து, "அங்கே ஒப்பாரி பாடியிருப்பார்களே?" எண்டு மெல்லக் கேட்டார்.

"இல்லை, துரை. அவவுக்கு அழ ஒருத்தரும் இருக்கேல்லை."

பெத்த தாயை என்ர வாயாலேயே அநாதைப் பிணமாக்கிப்போட்டு, என்ர மேசைக்குப் போய் இருந்தன்.