காலடியில் தாமரை போட்டேன்

1. மேஜை கிடைத்ததும் செய்த முதல் வேலை

"மகாலட்சுமி நிக்கிற பூ இது. இதைக் கால்ல மிதிச்சிக்கினா என் பொண்ணு தாலி கட்டிக்கணும்? வேற குடுங்க," என்று அந்த அம்மாள் புடவையை மடித்து முதலாளி பக்கம் தள்ளினார்.

திருப்புட்குழியிலிருந்து வந்த விவசாயக் குடும்பம். மகளுக்கு முகூர்த்தப் புடவை சொல்லியிருந்தார்கள். அறுபதுகளின் கடைசி அது. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு முதலாளியிடம் பத்து வருடம் தறியில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு டிசைன் மேஜை கிடைத்தது. கிராப் தாளில் கட்டம் கட்டமாகப் பூ வரைவேன். அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்துவார்கள். அட்டை தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் ஏறினால் புடவையில் பூ விழும். அந்தப் புடவை என் முதல் சொந்த டிசைன்.

கரையில் எல்லாரும் போடும் யானையையும் மயிலையும் போட எனக்கு மனம் வரவில்லை. விடியற்காலை பஸ் பிடித்துத் தென்னேரிக்குப் போனேன். ஏரி முழுக்கப் பனி. பனிக்குள் ஒவ்வொன்றாகத் தாமரை திறந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது, பென்சிலைத் தண்ணீரில் தவறவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். அப்புறம் ஒரு மாதம் கண்ணை மூடினால் அந்தப் பூதான். அதையே கீழ்க்கரையில் வரிசையாக வைத்தேன். கால் படும் இடமாயிற்றே என்று யோசிக்கவே இல்லை, மடையன்.

முதலாளி அவர்களுக்கு ஒரு மயில் கரைப் புடவையைக் கொடுத்து அனுப்பினார். அந்தப் பெண் மட்டும் வாசல் வரை போய்விட்டு, தாமரைப் புடவையைத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் தெருவைத் தாண்டியதும் முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"பத்து வருசம் நெய்ஞ்சிக்கினு இருந்தியே, கீழ்க்கரை எங்க வரும்னு கூடவா தெரியாது? இதை எவ கட்டுவா? வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். போகலைன்னா மேஜையைக் காலி பண்ணிட்டுத் தறிக்கே போயிடுபா."

தறி ஒன்றும் கேவலமில்லை. ஆனால் மேஜையை விட்டு ஒருமுறை இறங்கியவனை மறுபடி ஏற்ற மாட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

2. அபிஷேகத்தில் பார்த்தது

கடையில் மாட்டியிருந்த காலண்டர் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். லட்சுமி சிவப்புத் தாமரையில் நிற்கிறாள். சரஸ்வதி வெள்ளைத் தாமரையில். பிரம்மாவுக்கும் புத்தருக்கும்கூட அதுதான் ஆசனம். சேற்றில் முளைத்த பூ இத்தனை பேரைத் தாங்குகிறது, ஒரு இதழ்கூட நசுங்கவில்லை. அப்படியென்றால் எங்கள் தெருக்கோடி அம்மன் எதன் மேல் நிற்கிறாள்? பிறந்ததிலிருந்து கும்பிடுகிறேன், தெரியவில்லை. புடவை மறைத்திருந்தது.

குருக்களிடம் கேட்டேன். "கார்த்தால அபிஷேகத்துக்கு வா, நீயே பாரு," என்றார்.

மறுநாள் பால் ஊற்றினார், பிறகு தண்ணீர். அம்மன் பாதத்தில் இறங்கிய தண்ணீர் கருங்கல்லில் இதழ் இதழாகத் தங்கித் தங்கி வழிந்தது. கல் தாமரை. விளக்கு வெளிச்சத்தில் அது மெல்ல விரிவது போலிருந்தது. கோயிலில் நிற்கிறேனா, தென்னேரியில் நிற்கிறேனா என்று எனக்கே புரியவில்லை. அப்புறம் குருக்கள் புடவை சாத்தினார், தாமரை மறைந்துவிட்டது. இத்தனை காலமாக அதை மறைத்தது எங்கள் தெருக்காரர்கள் நெய்த பட்டுதான்.

ஓடிப்போய் முதலாளியிடம் சொன்னேன்.

"சாமி நிக்கும்பா. மனுசி நிக்கலாமா?" என்றார்.

அந்தக் கோயிலுக்கு அவர்தான் தர்மகர்த்தா. மீசையைத் தடவினார். "சரி, நிக்கறவங்களே கட்டிக்கட்டும். வெள்ளிக்கிழமை அம்மனுக்குச் சாத்திடுவோம்," என்றார். என் மேஜையைப் பற்றி மூச்சு விடவில்லை.

3. வெள்ளிக்கிழமை

அன்று அம்மனைப் பார்த்ததும் என்னை மறந்து நின்றுவிட்டேன். கல் தாமரை இருந்த அதே இடத்தில் பட்டுத் தாமரை வரிசையாகப் பூத்திருந்தது.

அப்போதுதான் திருப்புட்குழி அம்மாள் மகளோடு உள்ளே வந்தார். அவர்கள் வீட்டில் எந்தக் கல்யாணமானாலும் முதல் பத்திரிகை இந்த அம்மன் காலடிக்குத்தான். குருக்கள் பத்திரிகையை வாங்கி, அந்தக் கரையை ஒட்டி வைத்தார்.

"இது அந்தப் புடவைதானே?" என்றார் அம்மாள் மெதுவாக.

"அம்மனே கட்டிக்கினு இருக்குது, பாரும்மா," என்றாள் மகள்.

அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு முதலாளியிடம் வந்தார். "கழட்டினதும் எங்களுக்குக் குடுப்பீங்களா? அவ கட்டிக் குடுத்தா என் பொண்ணு கட்டிக்கலாம்."

முதலாளி என்னைக் கை காட்டினார். "எங்க டிசைன்காரரைக் கேளுங்கம்மா."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

டிசைன் போட வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கிராப் தாளில் பூ முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கட்டுகிறவர்களைப் போய்ப் பாருங்கள். எனக்கு இது, அவர்கள் என்னையும் அழைத்திருந்த அந்தக் கல்யாணத்தில்தான் புரிந்தது. மணைக்கு வரும் வழியில் பெண் கட்டியிருந்த தாமரைப் புடவையின் கொசுவம் கலைந்துவிட்டது. அம்மாள் குனிந்து சரிசெய்தார். கை கரையில் பட்டது. அப்படியே மகளின் காலடித் தாமரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பெண் பதறிப்போனாள். "என்னம்மா, என் காலைப் போயி..."

"பேசாம நில்லு. இன்னிக்கு ஒரு நாள் கும்பிட்டுக்கறேன்," என்றார் அம்மாள்.